பெல்ட்டுக்குக் கீழே நான் கட்டிய மருந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பெரிய ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கவும் எனக்கு வராது. எழுதுவதென்றால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை. இந்தக் கொப்பியில் ஆறு தாள் கிழித்துப் போட்டுவிட்டு ஏழாவது தாளில் இதை எழுதுகிறேன். பிழைகளை எங்கள் வாட்டு சிஸ்டர் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறா. எழுத்தைத் திருத்தட்டும், நடந்ததைத் திருத்த வேண்டாம்.

கல்முனைக் கரையோரத்தில் உள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், ஆண்கள் வாட்டில், இருபத்தாறு வருடம் சிற்றூழியனாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற அன்றே சிஸ்டர் கேட்டா: “இஸ்மாயில் நானா, புதுசா வந்த பொடியனுகள் காய்ச்சல்காரரத் துடைச்சு விடுங்க எண்டா மூஞ்சையும் கையையும் துடைச்சிட்டு வந்து நிக்கிறானுகள். நீங்க எப்படித் துடைச்சீங்க எண்டு நம்மட ஆஸ்பத்திரி மலருக்கு எழுதித் தாங்க.” ஓம் என்று சொல்லிவிட்டு இரண்டு வருடம் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதும் இதற்குள்ளேதான் வரும்.

துடைப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் சமையலறையில் சோற்று வண்டி தள்ளினேன். அடுத்த ஒரு வருடம் தள்ளுகட்டில். பிறகு ஆண்கள் வாட்டு. அங்கே யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவில்லை. செய்து, ஏச்சு வாங்கி, பழகினேன். இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு பேசன், துணி மூன்று. காய்ச்சல்காரருக்குக் குளிர்ந்த தண்ணீர் வைத்தால் நடுங்கிப்போவார். கட்டிலைச் சுற்றி மறைப்புத் திரையை இழுத்த பிறகுதான் சட்டையில் கை வைக்க வேண்டும். முகம், காதுக்குப் பின்பக்கம், கழுத்து, கக்கம், நெஞ்சு, முதுகு. பிறகு இடுப்பு. தொடையிடுக்கை அவராலே துடைக்க முடிந்தால் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கடைசியாகக் கால், விரலிடுக்குகளோடு. துடைக்கும்போது கை மட்டும் வேலை செய்யக் கூடாது, கண்ணும் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வசனத்தை எனக்குச் சொன்னது எங்கள் பெரிய டொக்டர். அதைச் சொல்ல அவவுக்கு என்ன காரணம் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெரிய டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்தவ. ஐந்து வருடம் எங்கள் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தா. எல்லோரும் மெடம் என்போம். மெலிந்த உடம்பு, மெதுவான குரல். காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று கை கழுவுவா. கழுவிய கையை உதறமாட்டா, காயும் வரைக்கும் ஏந்திக்கொண்டு நிற்பா. நாங்கள் எல்லோரும் அந்தக் கை காயும் வரைக்கும் மூச்சுக் காட்டாமல் நிற்போம். கட்டிலுக்கு வந்தால், நோய் விபரம் எழுதும் டிக்கட்டைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பார்த்து ஸலாமோ வணக்கமோ சொல்லுவா. பிறகு மூன்று கேள்வி. ஆயிரம் பேரிடம் கேட்டிருந்தாலும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பது போலக் கேட்பா.

“எத்தினை நாளாக் காய்ச்சல்? அதுக்கு முன்னம் எங்கையெங்கை போனனீங்கள்? உடம்பிலை புதுசா என்ன கண்டனீங்கள்?”

கூட வரும் சின்ன டொக்டர்மாருக்கு இங்கிலீஷில் விளக்குவா. முடித்ததும் அதையே தமிழில் நோயாளிக்குச் சொல்லுவா. படுத்திருக்கிறவரை வைத்துக்கொண்டு அவருக்கு விளங்காத பாஷையில் அவரைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்பது அவவின் கட்டளை. அந்தக் கட்டளையால்தான் பேசனோடு பின்னால் நின்ற எனக்கும் காய்ச்சல்கள் விளங்கத் தொடங்கின.

வாட்டை அவ மூன்று வரிசையாகப் பிரித்திருந்தா. ஜன்னல் பக்கம் நுளம்பு வரிசை. டெங்குக்காரர் எல்லோரும் வலைக்குள்ளே படுத்திருப்பார்கள். வெக்கைக்கு வலையைத் தூக்கிவிட்டு, மெடம் வரும் சத்தம் கேட்டதும் சடாரென்று இறக்குவார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் விடுகிற நாள்தான் பயமான நாள். குடித்த தண்ணீரும் போன சிறுநீரும் அளந்து எழுத வேண்டும். சுவர்ப் பக்கம் எலி வரிசை. வயல் சேற்றில் நின்று வந்தவர்கள். கண் சிவந்திருக்கும், கெண்டைக்கால் தொட்டால் கத்துவார்கள், சிறுநீர் குறையும். எலி பெய்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போய் வருகிற காய்ச்சல். நடுவில் உள்ள வரிசைக்கு அவ வைத்த பெயர் பேர் வைக்காத வரிசை. நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபொயிட்டா, வேறு எதுவுமா என்று இன்னும் தெரியாதவர்கள் அங்கே இருப்பார்கள். முந்தி மலேரியாக்காரரும் அங்கேதான் கிடந்து நடுங்கினார்கள். அது நாட்டை விட்டே போனது எங்கள் காலத்தில்தான். ஆனாலும் மெடம் ஒவ்வொருவருக்கும் மலேரியாவுக்கு இரத்தம் பார்க்காமல் விடமாட்டா.

“நடு வரிசையிலை ஒருத்தர் மூண்டு நாளுக்கு மேலை கிடந்தா அது அவற்றை பிழையில்லை, எங்கடை பிழை” என்று ஒருநாள் சொன்னா.

அந்த நடு வரிசைக்குத்தான் மரைக்கார் வந்தார்.

வரிப்பத்தான்சேனைக்காரர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் குடியின், அதாவது தாய்வழிக் கூட்டத்தின் சார்பில் இருந்தவர். ஊரில் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், மரைக்கார் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வேளாண்மை வெட்டி முடிந்த காலம். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து கட்டிலில் ஏறினார். நேர்ஸ் பிள்ளை சட்டையைத் தூக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். “ஆம்பிளையள் இல்லையா இந்த ஆஸ்பத்திரியில?” என்று கேட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் திரையை இழுத்துவிட்டுத் துடைத்தேன். இடுப்பில் எங்கள் பக்கத்து வயலுக்காரர் எல்லோரும் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட். அதைக் கழட்ட அவருக்கு மனமில்லை.

“இதுக்குள்ளதான் மனே எண்ட ஐடென்டிக் காட் கிடக்கு. வெச்ச இடம் மறந்தா முடிஞ்சு.”

“நான் உங்கட தலகணிக்குக் கீழ வெக்கிறன், வாப்பா.”

கழட்டினேன். பெல்ட்டின் கொக்கி இருந்த இடத்துக்குச் சற்றுப் பக்கத்தில் சின்னவிரல் நகமளவு கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. சுற்றிவரச் சிவப்பு. ஒரு ஓரத்தில் பெல்ட் உரசிக் கொஞ்சம் கசிந்திருந்தது. சுருட்டு நெருப்புச் சுட்ட மாதிரி இருந்தது.

“இது என்ன வாப்பா?”

“பெல்ட் கடிச்ச புண். வெட்டுக் காலத்துல வாறதுதானே.”

“நோகுதா?”

“நோகல்ல.”

வெட்டுக் காலத்தில் வியர்வையோடு பெல்ட் உரசி இடுப்புப் புண்ணாவது எங்கள் ஊர்களில் புதினமில்லை. என் வாப்பாவுக்கும் இருந்தது. ஆகவே நான் பேசாமல் துணியைப் பிழிந்தேன். அப்போது அவர்தான் என் கையைப் பிடித்தார்.

“மனே, இதிலிருந்து ஈரம் சாரத்துல படுது. நஜீஸ் பட்ட சாரத்தோட எப்பிடித் தொழுற? ஒரு துணிய வெச்சு இறுக்கிக் கட்டிவிடு.”

உடம்பிலிருந்து கசிகிற இரத்தமும் சீழும் அசுத்தம், அது பட்ட உடுப்போடு தொழக் கூடாது என்பது எங்களுக்குச் சின்னப் பிள்ளையிலேயே தெரிந்தது. காய்ச்சலில் கிடக்கிற ஒரு மனிதர் தொழுகையைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்கு மனம் இளகிவிட்டது. மருந்து கட்டுவது என் வேலையல்ல. நேர்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நேர்ஸ் வந்து பார்க்க வேண்டும், அவர் விடமாட்டார், ஏன் இந்தக் கரைச்சல் என்று நினைத்தேன். நேர்ஸின் மருந்துத் தட்டத்தில் இருந்து துணியும் பிளாஸ்டரும் எடுத்து நானே கட்டிவிட்டேன். நன்றாகவும் கட்டினேன், ஒரு சொட்டுக் கசியாதபடி.

பிறகு ஒரு சின்ன டொக்டர் வந்து பார்த்தார். ஆண்பிள்ளைதான். சட்டையைத் தூக்கினார். “இது என்ன கட்டு?” என்று கேட்டார். “பெல்ட் புண். உங்கட ஆள்தான் கட்டிவிட்ட” என்றார் மரைக்கார். ஆஸ்பத்திரி ஆள் கட்டின கட்டு என்றதும் டொக்டருக்கும் அதைப் பிரிக்கத் தோன்றவில்லை. டிக்கட்டில் அந்தக் கட்டைப் பற்றி எழுதவும் இல்லை. அவரில் நான் பிழை சொல்லமாட்டேன். அவர் பார்க்க வேண்டியதை மூடி வைத்தது என் கை.

மெடம் வந்து மூன்று கேள்வியும் கேட்டா.

“ஆறு நாளாக் காய்ச்சல். வயலுக்குத்தான் போன. உடம்புல ஒண்டுமில்ல” என்றார் மரைக்கார். பெண்பிள்ளைக்கு இடுப்புப் புண்ணைப் பற்றி அவர் எப்படிச் சொல்லுவார்?

வயல், சிவந்த கண், தலையிடி. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ஊசி மருந்து தொடங்கினார்கள். ஆனால் சிறுநீர் நன்றாகப் போனது, கெண்டைக்கால் நோகவில்லை. அதனால் மெடம் அவரைச் சுவர்ப் பக்கம் மாற்றவில்லை, நடுவிலேயே வைத்திருந்தா. டெங்கு இல்லை என்று வந்தது. மலேரியா இல்லை என்று வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் இருமல் தொடங்கியது. நான்காம் நாள் காது மந்தமானது, குனிந்து காதுக்குள் சொன்னால்தான் திரும்புவார். ஐந்தாம் நாள் காலையில் தொழ வேண்டிய திசையான கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தொழுதார். நான் திருப்பி உட்கார வைத்தேன். என்னை யாரென்று தெரியவில்லை. “வெள்ளச்சியக் கண்டயா? கறுப்பனும் இல்ல” என்றார். அவை மாடுகளின் பெயர்கள் என்று மகன் சொன்னார்.

இந்த ஐந்து நாளும் காலையில் நான் அந்தக் கட்டை மாற்றினேன். ஒவ்வொரு நாளும் மாற்றினேன். பொருக்கு அப்படியே இருந்தது. அதை நான் ஒரு நல்ல காரியமாகவே செய்துகொண்டிருந்தேன்.

அன்றைய றவுண்டில் மெடம் அவருடைய கட்டிலின் கால்மாட்டில் கனநேரம் நின்றா. மூச்சு இழுப்பதை எண்ணினா. பிறகு இங்கிலீஷில் சின்ன டொக்டர்மாரிடம் என்னவோ சொன்னா. வழக்கப்படி தமிழிலும் சொன்னா. மரைக்காருக்குக் காது கேட்காததால் மகனைப் பார்த்துச் சொன்னா.

“வேறை ஒண்டும் நான் யோசிக்கிறன், தம்பி. உண்ணிக்காய்ச்சல் எண்டு ஒண்டு இருக்கு. எங்கடை பக்கத்திலை நாங்கள் கனக்கக் கண்டிருக்கிறம். பத்தைக்குள்ளை இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடிச்சு வாறது. கடிச்ச இடத்திலை கறுத்தப் பொருக்கு ஒண்டு இருக்கும், நெருப்பு சுட்ட மாதிரி. நோகாது. நோகாதபடியால் ஆக்கள் சொல்லமாட்டினம். உடுப்பு இறுக்கிற இடத்திலைதான் அநேகமா இருக்கும்.” சின்ன டொக்டரிடம் திரும்பி, “தேடினீங்களோ?” என்று கேட்டா.

முதல் நாள் பார்த்தவர் அன்றைக்கு லீவு. நின்றவர் டிக்கட்டைப் புரட்டிப் பார்த்து, “தோலில ஒண்டுமில்லை எண்டு எழுதியிருக்கு, மெடம்” என்றார்.

“அப்ப மட்டக்களப்புக்கு அனுப்புவம். மூச்சு விடக் கஷ்டப்படுறார். அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கோ.” அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டா.

நான் பேசனோடு நின்றேன். அவ சொன்ன பொருக்கு எங்கே இருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் அறிந்தவன் நான் ஒருவன்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆறு ஏழு பேர் சுற்றி நின்றார்கள். எல்லோரும் படித்தவர்கள். நான் வாயைத் திறந்தேன், காற்று மட்டும்தான் வந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கழுவும் அறைக்குப் போய்ப் பேசனைத் தேய்த்துக் கழுவினேன். அங்கே நின்ற றபீக், என்னோடு வேலை செய்தவன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவன், “என்ன காக்கா, கழுவின பேசனையே கழுவிக்கிட்டு நிக்கிறீங்க?” என்றான். பேசனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்ப வாட்டுக்குப் போனேன்.

மரைக்காரின் மகன் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “காக்கா, மட்டக்களப்புக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். வாப்பாட கட்ட ஒருக்கா மாத்திவிடுங்க, வழியில ஊறினாலும்” என்றார்.

திரைக்கு வெளியே நின்ற அவருக்கு அது வெறும் பெல்ட் புண்தான், பொருக்கை அவர் கண்டதில்லை. மரியாதையாகக் கேட்டார். என் கையாலேயே இன்னொரு தடவை அதை மூடச் சொல்லிக் கேட்டார். அது என்னால் முடியவில்லை.

மெடம் நேர்ஸ்மாரின் மேசையில் இருந்து மாற்றல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தா. நான் போய் மேசைக்கு முன்னால் நின்றேன். “மெடம்” என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அவ கடிதத்திலிருந்து பேனையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தா.

“சொல்லுங்கோ, இஸ்மாயில்.”

“அந்த மரைக்கார்ட இடுப்புல… நீங்க சொன்ன மாதிரி ஒண்டு கிடக்கு. நான்தான் மூடிக் கட்டின.”

“எப்ப?”

“வந்த அண்டைக்கு.”

“நோகுதோ எண்டு கேட்டனீங்களோ?”

“கேட்ட. நோகல்ல எண்டார்.”

சிஸ்டர் (இப்போதைய சிஸ்டர் அல்ல, அப்போது இருந்தவ) என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. மெடம் பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பினா. நடந்துதான் போனா, ஓடவில்லை. ஆனால் நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

திரையை இழுத்தோம். மரைக்காருக்கு நினைவு சரியாக இல்லை. அப்படியும் அவ அவருடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “மரைக்கார், உங்கடை இடுப்பை நான் பாக்கப்போறன். வைத்தியத்துக்காக மட்டும்தான்” என்று சொன்னா. மகனைப் பார்த்தா. மகன் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம், “நீங்களே அவிழுங்கோ. கட்டினவருக்குத்தான் தோல் உரியாமல் எடுக்கத் தெரியும்” என்றா.

பிளாஸ்டரை ஓரத்திலிருந்து ஈரத் துணியால் நனைத்து நனைத்து எடுத்தேன். அவ குனிந்து பார்த்தா. விரலால் சுற்றிவரத் தொட்டா. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னா. கொட்டைப்பாக்களவு கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. “இரிக்கி, மெடம்” என்றேன்.

“ஓம்” என்றா. அவ்வளவுதான் சொன்னா.

மருந்து என்ன என்றால் ஒரு சாதாரணக் குளிசை. எங்கள் அலுமாரியில் எப்போதும் கிடந்தது. விழுங்கும் நிலை அவருக்கு இல்லை, மூக்குக் குழாயால் கொடுத்தார்கள். மெடம் மட்டக்களப்புக்கு டெலிபோன் எடுத்து அங்குள்ள டொக்டரோடு கதைத்தா. அம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. “பின்னேரம் வரைக்கும் பாப்பம். மூச்சு இதைவிட மோசமானால் ஏத்துவம்” என்றா. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவ போகவில்லை. நானும் போகவில்லை. ஒவ்வொரு அரை மணிக்கும் மூச்சை எண்ணினா. பின்னேரம் மூச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினா.

மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் நான் வேலைக்கு வந்தபோது மரைக்கார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“மனே, இந்த ஆஸ்பத்திரியில தேத்தண்ணிக்குச் சீனி போடுறயில்லையா?”

நான் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

மெடம் இரண்டாவது கேள்வியைத் திரும்பக் கேட்டா. இப்போது காதுக்குள் சத்தமாகக் கேட்டா. அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு மாடு காணாமல் போய், இறக்காமம் பக்கத்துப் பற்றைகளுக்குள் மூன்று நாள் தேடியிருக்கிறார். களைத்த இடத்தில் புல்லிலேயே படுத்திருக்கிறார். “ஏன் முதல் சொல்லேல்லை?” என்று கேட்டா. “மாடு துலைச்ச கதைய ஆருக்கிட்டச் சொல்லுற, மெடம்?” என்றார்.

அன்று மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டா. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

“இனி ஒரு புண்ணை மூட முதல் ஆருக்காவது காட்ட வேணும், இஸ்மாயில். சின்னதெண்டாலும். அதைச் சிஸ்டரும் உங்களுக்குச் சொல்லுவா, நல்லாச் சொல்லுவா.”

“ஓம், மெடம்.”

“பயந்திட்டீங்களோ?”

“ஓம்.”

“நானும் பயந்தனான். அவர் ஒண்டுமில்லை எண்டதை நம்பி அஞ்சு நாள் விட்டது நான்தானே. நான் பொம்பிளை, பாக்க விடமாட்டார் எண்டு தெரியும். உங்களைக் கேட்டிருக்கலாம். உடம்பு முழுக்கப் பாக்கிற ஆள் நீங்கள்தான். துடைக்கேக்கை கை மட்டும் வேலை செய்யப்படாது, கண்ணும் செய்ய வேணும். கண்டதை எனக்குச் சொல்லவும் வேணும்.”

அடுத்த நாளிலிருந்து புதுக் கட்டில் ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விக்குப் பிறகு என் பக்கம் திரும்பி, “இஸ்மாயில், தோலிலை என்ன?” என்று கேட்கத் தொடங்கினா. எல்லோருக்கும் முன்னால். முதல் இரண்டு கிழமை தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு ஒரு சொல், இரண்டு சொல் வந்தது. “முதுகுல சிவப்புத் தடிப்பு.” “கால் விரலுக்குள்ள வெடிப்பு.” ஒரு தரம் நெஞ்சுச்சளிக் காய்ச்சலோடு வந்த கரைவலைக்காரர் ஒருவருக்கு முதுகில் வெளிறின படை ஒன்று கண்டேன். தேமல் என்று அவர் சொன்னார். ஆனால் சூட்டுத் துணி அந்த இடத்தில் பட்டது அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். குட்டநோயின் தொடக்கம் என்று மெடம் கண்டுபிடித்தா. ஒரு விரலும் மடங்காமல் அவர் சுகமாகி, இன்றைக்கும் வலை இழுக்கிறார். சிற்றூழியனுக்குப் பதவி உயர்வு பெரிதாக ஒன்றும் கிடையாது. எனக்கு அந்தக் கேள்விதான் பதவி உயர்வு. மெடம் மாற்றலாகிப் போன அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வராது. இங்கே எழுதுகிறேன். என்னைப் பேச வைத்தது நீங்கள்தான், மெடம். அல்லாஹ் உங்களை நல்லா வைக்கட்டும்.

ஆனால் எழுத முடியாமல் இரண்டு வருடம் கிடந்த காரணம் வேறு.

மரைக்கார் வீட்டுக்குப் போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீ கட்டிவிட்ட மருந்தாலதான் மனே நான் பிழைச்ச” என்றார். நான் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன், அவருக்குக் காது மந்தம், கேட்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன். அவர் அதை ஊரெல்லாம் சொன்னார். ஒவ்வொரு வெட்டுக்கும் புதிய அரிசி ஒரு மூட்டை மகனிடம் கொடுத்து அனுப்பினார். “மரைக்கார்ட மருமகனுக்குச் சீர் வந்திருக்கு” என்று றபீக் வாட்டு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். என் வீட்டில் அந்தச் சோற்றை எல்லோரும் ருசித்துச் சாப்பிடுவார்கள். எனக்கு அது இறங்காது. பதினொரு வருடம் இப்படிப் போனது. இந்தக் கட்டுரையை எழுதினால் அந்தக் கட்டை எழுத வேண்டும். எழுதினால் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். என் வாயால் கேட்காமல் மலரில் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதையில்லை. கட்டை விட்டுவிட்டு எழுதலாம் என்றால், எழுத வேறு ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சம்மாந்துறைக்குப் போய் அங்கிருந்து பஸ் மாறி வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். மரைக்கார் முற்றத்து மாமரத்தடியில் கதிரை போட்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஒடுங்கிப் போயிருந்தார். ஆனால் பச்சை பெல்ட் இடுப்பில் இருந்தது.

ஸலாம் சொல்லி உட்கார்ந்தேன். சுகம் கேட்டோம். பிறகு மெல்லச் சொன்னேன்: “வாப்பா, நான் அண்டைக்குக் கட்டின கட்டாலதான் உங்களுக்குக் கடுமையாகின.”

“என்ன?”

“நான் கட்டின கட்டாலதான்…”

“சத்தமாச் சொல்லு மனே. காது பத்தாது.”

வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகக் கதைத்ததில்லை. “டொக்டர் தேடின புண்ண நான்தான் மூடி வெச்ச. அஞ்சு நாளா மூடி வெச்ச. என்னாலதான் நீங்க மௌத்தாகப் பாத்த” என்று கத்தினேன். குசினியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒருவர் தலையை நீட்டினார். எனக்கு முகம் எரிந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் எல்லாவற்றையும் அதே சத்தத்தில் சொல்லி முடித்தேன்.

மரைக்கார் இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “கட்டச் சொன்ன ஆரு?” என்று கேட்டார்.

“நீங்க.”

“அந்தப் பொம்பிளை டொக்டருக்கு ஒண்டுமில்ல எண்டு சொன்ன ஆரு?”

“நீங்கதான்.”

“அப்ப நீ என்னத்துக்குப் பதினொரு வருசம் தனியா வெச்சிக்கிட்டு இருந்த? எனக்கிட்டயும் பாதியத் தந்திருக்கலாமே.” வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். “நீ மாட்டன் எண்டிருந்தா அண்டைக்கு உன்ன ஏசியிருப்பன். அந்தப் பிடிவாதம் எனக்கு. அஞ்சு நேரமும் சுத்தமாத் தொழுதன் எண்டு நெனச்சன். கடைசியில கிப்லாவே தெரியாமத் தொழுதிருக்கன். அதுக்கு அல்லாஹ் மன்னிக்கணும். உன்ன நான் மன்னிக்க என்ன கிடக்கு?”

எழுதப்போவதைச் சொன்னேன். யோசித்தார். “எழுது. பேரப் போடாத. மாட்டுக் கதையையும் போடாத.” பெயரைப் போடவில்லை. மாட்டுக் கதையைப் போடாமல் இருக்க முடியவில்லை. இதற்காகவும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் எழும்பினேன். அவர் விடவில்லை. “இரு. மகனுக்கு மூணு நாளாக் காய்ச்சல். உள்ளுக்குக் கிடக்கான். நீ துடைச்சுப் பாத்துட்டுப் போ.”

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னேன். அதற்குக் காது கேட்கவில்லை.

வீட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் மூன்று துணியும் கேட்டு வாங்கினேன். அன்றைக்குச் சாமான்களைப் பைக்குள் அடுக்கிய அதே மகன், இப்போது அவருக்கும் தலை நரைத்திருந்தது, கட்டிலில் சுருண்டு கிடந்தார். சட்டையைக் கழட்டினார். சாரத்துக்கு மேலே அவரும் ஒரு பெல்ட் கட்டியிருந்தார். அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் வாசலில் பொல்லை ஊன்றி நின்ற மரைக்கார் சொன்னார்:

“கழட்டுடா அத.”

மகனின் உடம்பில் எந்தப் புண்ணும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் என்பதால் அன்றைக்கே இரத்தம் பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னேன். டெங்கு என்று நேற்று டெலிபோன் எடுத்தார்கள். வலைக்குள் கிடக்கிறாராம், தண்ணீர் அளந்து குடிக்கிறாராம், பயமான நாளைத் தாண்டிவிட்டாராம். அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதி முடித்தது 2025 ஜூன் மாதம் 19, வியாழக்கிழமை, அஸர் தொழுத பிறகு.